தேய்ந்த கம்பிகள் போன இடம்

அளத்துறையில் இரும்பு அதிக காலம் வாழாது. கடலிலிருந்து ஒருபுறமும் உப்பளங்களிலிருந்து மறுபுறமும் வீசுகிற காற்று கதவின் கொண்டியையும் சைக்கிள் சங்கிலியையும் கிணற்றுக் கப்பியையும் மெல்ல மெல்ல நக்கித் தின்றுவிடும் என்பதால், அந்த ஊர்க்காரர்கள் இரும்பால் ஆன எதன்மீதும் ஆசை வைப்பதில்லை. ஜன்னலுக்கு மரச்சட்டம் போட்டுக்கொள்வார்கள், சாவியைத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு வைப்பார்கள். ஆனால் கடற்கரைச் சாலையில், கஸ்பாரின் சுட்ட மீன் கடையில், நீளவாக்கில் பிளந்த தார் டிரம்மில் உடைமரக் கரி போட்டு எரிக்கிற அடுப்பின் மேல் கிடந்த கம்பித்தட்டை மட்டும் அந்தக் காற்று தொடவில்லை. அதை வேறு எதுவோ தின்றுகொண்டிருந்தது.

கஸ்பாரும் அவன் மனைவி ஜெசிந்தாவும் கல்யாணமான புதிதில் கடை போட்டபோது அந்தக் கம்பிகள் கட்டைவிரல் பருமன் இருந்தன. பொழுது சாயும் நேரத்தில் அளத்திலிருந்து பாளம் பாளமாக வெடித்த பாதங்களோடு ஆணும் பெண்ணும் வந்து பெஞ்சுகளில் உட்காருவார்கள். ஜெசிந்தா ஊளியையும் விளமீனையும் கீறி, மிளகாய் வத்தலும் பூண்டும் புளியும் அரைத்த மசாலாவைக் கீறலுக்குள் விரலால் ஏற்றிக் கொடுப்பாள். கஸ்பார் அதைக் கம்பிமேல் போட்டு விசிறுவான், திருப்புவான், மறுபடி விசிறுவான், இறக்கும்போது ஒவ்வொரு மீனின் வால் ஓரத்திலும் ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் தட்டில் வைப்பான். கடை மூடும்போது தேங்காய் நாரும் கல்லுப்பும் வைத்துத் தட்டை அவனே தேய்ப்பான். அப்படித் தேய்த்துத் தேய்த்து, மீன் சுட்டுச் சுட்டு, கம்பிகள் நடுவில் சுண்டுவிரலாகி, பென்சிலாகி, கடைசியில் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியைப்போல ஆயின. குளியலறையில் சோப்பு கரைந்து எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதுபோல அந்த இரும்பு எங்கே போயிற்று என்றும் யாரும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் பெரிய விளமீன் ஒன்று கம்பிகளுக்கு நடுவே நழுவிக் கரியில் விழுந்து எரிந்துபோனது.

"இதுக்கு மேல இதுல சுட முடியாதுங்க" என்றாள் ஜெசிந்தா.

"அறுந்த எடத்துல கெட்டுக்கம்பி வச்சி முடிஞ்சா இன்னும் ஒரு வருசம் தாங்கும்."

"முடிஞ்சி முடிஞ்சி இப்ப முடிச்சிதான் இருக்கு. கம்பி எங்க இருக்கு?"

கஸ்பார் வெந்த கையால் தட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை அவன் மீன் ஏலத்துக்குப் போயிருந்த நேரத்தில் ஜெசிந்தா, வெல்டிங் பட்டறை உலகநாதனிடம் முன்பே சொல்லிச் செய்துவைத்திருந்த எவர்சில்வர் தட்டை வாங்கி வந்து அடுப்பின் மேல் வைத்தாள். பழையதை, சாலையோடு வந்த பழைய இரும்பு வியாபாரி லிங்கதுரை அண்ணாச்சியின் மினி லாரியில் தூக்கிப் போட்டாள். அது இரும்புக் குவியலில் விழுந்தபோது சத்தமே வரவில்லை. துணி விழுந்ததுபோல விழுந்தது.

கஸ்பார் வந்து பார்த்தான். மீன் கூடையைக் கீழே வைத்தான். வடக்கே திரும்பி, லிங்கதுரையின் கிடங்கு இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

மறுநாள் விடிந்தபோது அளத்துறையில் பாதிப்பேர் வடக்கே தலைவைத்துப் படுத்திருந்தார்கள். கிழக்கே தலைவைத்துப் படுத்தவர்கள்தான். பாய் திரும்பியிருந்தது, சில வீடுகளில் கட்டிலே திரும்பியிருந்தது. காற்று மாறியிருக்கிறது, அதுதான் என்று பேசிக்கொண்டார்கள். கோயிலில் காலைப் பூசைக்கு வந்தவர்கள், காற்றில் சாய்ந்த நாற்றுபோல ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பங்குச்சாமியார் பீடத்திலிருந்து பார்த்தார். ஊருக்குப் புதிதாக வந்தவர் என்பதால் இது இவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணிப் பிரசங்கத்தைத் தொடர்ந்தார்.

சாய்வு ஒரு வாரத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. சலூன்காரர் நாற்காலியை வடக்குப் பார்த்துத் திருப்பிப் போட்டார், இல்லாவிட்டால் கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் வருகிறது என்றார். டீக்கடையில் தெற்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் டீ டம்ளரின் வடக்கு விளிம்பில் வழிந்தது. உப்பளத்தில் வாருபலகையை வடக்கே இழுப்பது பூவை இழுப்பதுபோல இருந்தது, தெற்கே இழுப்பது மலையை இழுப்பதுபோல இருந்தது. அதனால் உப்பையெல்லாம் வடக்குக் கரையிலேயே அம்பாரம் போட முதலாளிகள் சம்மதித்தார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், பெண் ஏன் இப்படிச் சாய்ந்து நிற்கிறாள் என்று கேட்டபோது, தரகர் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்க ஊர்ப் பிள்ளைங்க பணிவா நிக்கும்" என்றார்.

யார் சாய்கிறார்கள், யார் சாயவில்லை என்பது மெல்லத்தான் தெரிந்தது. கைக்குழந்தைகள் சாயவில்லை. பங்குச்சாமியார் சாயவில்லை. சைவம் தவிர வேறு தொடாதவர் என்று பெயர் வாங்கிய ஜவுளிக்கடை நெல்லையப்ப பிள்ளை, துணியளக்கிற மேசைக்குப் பின்னால், துணி வாங்க வந்தவர்களைவிட அதிகமாகச் சாய்ந்து நின்றார், அவர் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த மீனு?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஊளி" என்றார். அன்றைக்குத்தான் ஊருக்குப் புரிந்தது: கஸ்பாரின் தட்டில் சுட்டதைத் தின்றவர்கள்தான் சாய்கிறார்கள். கம்பி தேய்ந்து எங்கேயும் போகவில்லை. அது தங்களுக்குள்தான் இருக்கிறது, மிச்சமிருக்கிற இரும்பு கிடக்கிற இடத்தைப் பார்த்து நிற்கிறது. புரிந்த பிறகு யாரும் பயப்படவில்லை. நோவு இல்லை, செலவு இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள்.

ஜெசிந்தா சாயவில்லை. கல்யாணமான இரண்டாம் வருடம் அவள் வயிற்றில் தங்கிய கரு, மீன் கருகும் புகை பட்டு அவள் ஓங்கரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் தங்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு தங்கவும் இல்லை. அன்றிலிருந்து அவள் சுட்ட மீனில் வாய் வைத்ததில்லை, மசாலா தடவிக் கொடுப்பதோடு சரி. இப்போது ஊரே ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற தெருவில் அவள் மட்டும் நட்ட கம்புபோல நேராக நடந்தாள். எதிரே வருகிறவர்கள் அவளைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு நாள், வெயில் ஏறுகிற நேரத்தில், லிங்கதுரை தன் கிடங்கிலிருந்த இரும்பையெல்லாம் பெரிய லாரியில் ஏற்றி மொத்த வியாபாரிக்கு அனுப்பிவிட்டார். உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வாருபலகையை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பாதி எழுதிய கணக்கை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வடக்கே பார்த்திருந்த முகங்கள் எல்லாம், தேர் நகர்வதைப் பார்க்கிற முகங்களைப்போல, ஒரே வேகத்தில் மெதுவாக மேற்கே திரும்பின. லாரி நெடுஞ்சாலையைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத தூரம் போகும்வரை திரும்பிக்கொண்டே இருந்தன.

அதன்பிறகு நோவு வந்தது. தூரம் கூடக்கூட, இழுக்கிற கயிறு மெலிவதுபோல, அவர்கள் உடம்பு மெலிந்தது. உப்புக்கூடையைத் தலைக்கு ஏற்றிய பெண்கள் நாலடி வைத்து இறக்கி வைத்தார்கள். நகங்கள் நடுவில் பள்ளம் விழுந்து கரண்டிபோல ஆயின. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வளர்மதி விரல்நுனியில் குத்திப் பார்த்தாள். ரத்தம் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தது.

"இந்த ஊருக்கு வந்த நாளா எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் வளர்மதி ஜெசிந்தாவிடம். "அளத்துல வேல செய்யற பொம்பளைங்களுக்கு எந்த ஊர்லயும் ரத்தம் இருக்காது. இங்க மட்டும் செக்கச்செவேல்னு இருக்கும். எல்லாம் உங்க வீட்டுக்காரர் தட்டுலதான் இருந்திருக்கு அக்கா."

ஒவ்வொரு மீனிலும் ஒரு துணுக்கைத் தின்றவன், ஊரில் எல்லாரையும்விட அதிகம் தின்றவன் ஜெசிந்தாவின் வீட்டில்தான் இருந்தான். லாரி போன மறுநாளே, மீனைத் திருப்பிக்கொண்டிருந்த கஸ்பார் இடுக்கியை அடுப்பு ஓரத்தில் வைத்துவிட்டு, செருப்பும் போடாமல், மேற்கே போகிற சாலையில் நடக்கத் தொடங்கினான். அவள் ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். அதற்கடுத்த நாளும் நடந்தான். மூன்றாவது முறை உப்பு லாரிக்காரர் ஒருவர் நெடுஞ்சாலையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அவள் சேலைத் தலைப்பை அவன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு, அவன் போகிற இடத்துக்கெல்லாம் தானும் போனாள்.

"எங்க போறிய? அது உங்கள கூப்பிடுதா?"

"கூப்பிடல ஜெசி. நான் அங்கனதான் இருக்கேன். இங்க கிடக்கது மிச்சம். மிச்சந்தான் போகப் பாக்குது."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான், மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல. ஜெசிந்தா அவனை இழுத்துக்கொண்டு நேரே லிங்கதுரையிடம் போனாள்.

"அண்ணாச்சி, அந்தத் தட்டு எங்க?"

"மொத்த வியாபாரி கைக்குப் போயிட்டும்மா. அவரு மூணு நாலு உருக்கு ஆலைக்குப் பிரிச்சி விடுவாரு. எந்த ஆலைக்குப் போச்சின்னு அவருக்கே தெரியாது."

"இவங்களுக்குத் தெரியும்" என்றாள் ஜெசிந்தா, தலைப்பின் மறுமுனையில் நின்ற கஸ்பாரைக் காட்டி.

லிங்கதுரை அவனைப் பார்த்தார். அவரும் கஸ்பார் கடையில் தின்றவர்தான். நேராக நிற்கச் சிரமப்பட்டுக்கொண்டு, "ஏறுங்க" என்றார்.

மினி லாரியில் இருவருக்கும் நடுவில் கஸ்பாரை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. சாலை பிரிகிற இடத்தில் அவன் தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் லிங்கதுரை ஸ்டீயரிங்கைத் திருப்பினார். உப்பு வெளி முடிந்தது, பனங்காடு முடிந்தது, கரிசல் காடு முடிந்தது. மலை தெரிகிற தூரத்தில், புகைபோக்கிகளோடு ஓர் உருக்கு ஆலை வந்தது. கஸ்பாரின் தலை நிமிர்ந்து நேரானது.

ஆலையின் பின்முற்றத்தில் பழைய இரும்பு குன்று குன்றாகக் கிடந்தது. அந்தக் குன்றுகளைச் சுற்றி, வெயிலில், ஆட்கள் நின்றார்கள். வேலைக்காரர்கள் இல்லை. தோளில் தோல்பை மாட்டிய பஸ் கண்டக்டர் ஒருவர் நசுங்கிய பஸ் கைப்பிடிக் கம்பிகளைப் பார்த்துச் சாய்ந்து நின்றார். கழுத்தில் டேப் தொங்க ஒரு தையல்காரர் நின்றார். பட்டுச்சேலை கட்டிய பெண்ணொருத்தி, கல்யாண வீட்டிலிருந்து பாதியில் எழுந்து வந்தவளைப்போல, தலையில் பூவோடு நின்றாள். ஆலையின் காவல்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு ஒவ்வொருவரிடமாகப் போய் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"தேடி வந்தவங்க தாயி. அந்தப் பொண்ணு ஊஞ்சச் சங்கிலிக்காக நிக்குது. நிப்பாங்க. சாமான் உலைக்குள்ள போனதும் வீட்டுக்குப் போயிருவாங்க."

"சரியாயிருமா?"

காவல்காரர் டம்ளரைக் கஸ்பாரிடம் கொடுத்துவிட்டு அவளைத் தள்ளி அழைத்துப் போனார். "நல்லா சாப்பிடுவாங்க, தூங்குவாங்க. ஆனா கொஞ்ச நாள் கழிச்சி வீட்டு ஆளுங்க எங்கிட்ட வந்து, எங்க வீட்டுக்காரர இங்கன பாத்தியளான்னு கேப்பாங்க. அவரு வீட்டுலதானம்மா இருக்காருன்னு சொல்லுவேன். ‘இருக்காரு, ஆனா இல்லியே’ம்பாங்க. நான் அதுக்கு என்ன சொல்லட்டும்?"

அவர் சொல்லி முடிக்கவும் கிரேன் உறுமவும் சரியாக இருந்தது. வண்டிச்சக்கரம் அளவுக்குப் பெரிய காந்தத்தட்டு ஒன்று குன்றின் மேலே வந்து நின்றது; அதில் மின்சாரம் பாய்ந்ததும் இரும்பெல்லாம் சடசடவென்று தாவி ஒட்டிக்கொண்டது. அதே நொடியில் முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் குதிகால் தரையைவிட்டு எழ, பெருவிரல்நுனியில் நின்றார்கள். கண்டக்டரின் தோல்பை மேலே மிதந்தது. கஸ்பார் ஒரு சாண் உயர்ந்துவிட்டான். முடிந்திருந்த சேலைத் தலைப்பு விறைத்து நின்றது.

ஜெசிந்தா அண்ணாந்து பார்த்தாள். காந்தத்தில் ஒட்டியிருந்த குப்பையின் அடியில், கரி ஏறிக் கறுத்து, முடிச்சு முடிச்சாக, அவர்கள் தட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தலைப்பை லிங்கதுரையின் கையில் திணித்துவிட்டுக் குன்றின் மேல் ஏறினாள். முழங்காலில் தகரம் கிழித்தது. எட்டி, தட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். கிரேன்காரர் மேலிருந்து கத்தினார். காந்தம் நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள், கட்டுக்கம்பி முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. தட்டு நடுவில் இரண்டாகப் பிரிந்தது. பாதி அவளோடு கீழே விழுந்தது. மீதிப் பாதி உலையின் வாய்க்குப் போனது.

கஸ்பார் அலறவில்லை. தரையில் கால் ஊன்றிய பிறகு மெதுவாக உட்கார்ந்தான். முகம் கரித்துண்டுபோல உள்ளிருந்து சிவந்துகொண்டு வந்தது. ஜெசிந்தா காவல்காரரின் வாளியைப் பிடுங்கி அவன் தலையில் ஊற்றினாள். தண்ணீர் சுர்ரென்று ஆவியானது.

"எரியுதா? எங்கங்க எரியுது?"

"எரியல ஜெசி" என்றான் அவன். "கரையுது."

அதே வேளையில் அளத்துறையில் ஊரே கடலுக்குள் இறங்கியது என்று பிறகு வளர்மதி சொன்னாள். உடுத்திய துணியோடு, கடையைத் திறந்து போட்டபடி, கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றார்களாம். கரையில் நின்ற வளர்மதியின் கணுக்காலில் அலை வெதுவெதுப்பாக வந்து பட்டதாம்.

அவர்கள் ஊர் திரும்பியதும் பட்டறை உலகநாதன் அந்தப் பாதியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் நகங்களும் கரண்டிபோலக் குழிந்துதான் இருந்தன. எவர்சில்வர் வேண்டாம், வெறும் இரும்பே போதும் என்று முடிவு செய்து, விரல் பருமனில் புதுக்கம்பிகளை வெட்டி, பழைய ஊசிக்கம்பி ஒவ்வொன்றையும் ஒரு புதுக்கம்பியின் முதுகோடு சேர்த்துப் பற்றவைத்தான். பொறி பறந்தபோதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் பல் கூசியது. தாடையைப் பிடித்துக்கொண்டு, "உலகநாதன் வேலைய ஆரம்பிச்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டார்கள். கஸ்பார் புதுத்தட்டின் பிசிறுகளை அரம் வைத்துத் தேய்த்தான், கல்லுப்பும் நாரும் போட்டுக் கழுவினான், வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுச் சூடேறிய கம்பிகளில் திரும்பத் திரும்ப இழுத்தான்; நீலப் புகை வந்து, கம்பி கறுத்து, மினுங்கியது. அதில் சுட்ட முதல் மீனை வாங்க வரிசை கோயில் வாசல்வரை நின்றது.

நிறம் திரும்பியது. நகங்கள் நிமிர்ந்தன. யாரும் சாயவில்லை. ஆனால் பாதிதான் வந்திருந்தது. ஆட்கள் ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். இரண்டு தட்டில் சோறு போட்டு ஒன்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். கஸ்பார் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுவான். வேறு அறையில் யாரோ கூப்பிட்டதுபோல முகத்தை வைத்துக்கொள்வான். ஜெசிந்தாவுக்குக் காவல்காரர் சொன்னது நினைவுக்கு வரும், அவன் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு காலையில் அவன், "யாரோ எம்மேல ஈர மணலக் கொட்டுதாங்க" என்றான். அன்றைக்கு ஊரில் எல்லாரும் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு கொஞ்ச நாள், தினமும் காலையில், குளிக்காதவர்களுக்கும் குளித்ததுபோல இருந்தது.

"கான்கிரீட்டுக்குத் தண்ணி காட்டுதாங்க" என்றான் உலகநாதன். "உருக்கின பாதி கட்டடக் கம்பியாயிருக்கு. எங்கயோ ஒரு வீட்டுக்கு மேல்தளம் போட்டிருக்காங்க."

அப்படித்தான் அளத்துறை அந்த வீட்டைத் தெரிந்துகொண்டது. எந்த ஊர், யார் வீடு என்று தெரியாது. ஒரு விடிகாலையில் ஊரெங்கும் பால் பொங்கி வழிகிற மணம் அடித்தது. குடிவந்துவிட்டார்கள் என்று பெண்கள் சொன்னார்கள். தளத்துக்குக் கீழே அம்மியில் அரைக்கிற அதிர்வு நெஞ்செலும்பில் தெரிந்தது. மாலையில் ஒரு ரயில் அருகே போனது. துணி காயப்போட மாடிக்கு வருகிறவளின் காலடி தோள்பட்டையில் விழுந்து எழுந்தது. அந்தக் காலடி வாரத்துக்கு வாரம் கனத்துக்கொண்டே போனதைப் பிள்ளை பெற்ற பெண்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். "மாசமா இருக்கா" என்று உப்பளத்தில் ஒருத்தி சொல்ல, கூடைகளை இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் கவனித்தார்கள். மாடிப்படியில் வேகமாக இறங்கினால், "பதனம், பதனம்" என்று தங்கள் தோளைப் பார்த்தே சொன்னார்கள். குழந்தை பிறந்த அன்று அழுகை ஊரின் விலா எலும்புக்குள் கேட்டது. நெல்லையப்ப பிள்ளை ஜவுளிக்கடை வாசலில் நின்று போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார்.

போய்ப் பார்க்கலாமே என்று பங்குச்சாமியார் கேட்டார். "போயி என்னன்னு சொல்ல சாமி? நாங்க ஒங்க தளத்துக்குள்ள இருக்கோம்னா?" என்றார் லிங்கதுரை.

ஜெசிந்தாவுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கடை மூடிய பிறகு கஸ்பாரின் முதுகில் காது வைத்துப் பார்ப்பாள். "என்ன செய்யுது இப்ப?" என்பாள். "தவழுது" என்பான். "சிரிக்குதா?" என்பாள். "அது இங்க வராது ஜெசி. அழுகையும் கனமுந்தான் வரும்" என்பான். அவள் மறுபடியும் காதை வைத்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கடையில் பெஞ்சு நிறைய ஆட்கள். அடுப்பில் வரிசையாக மீன். கஸ்பாரின் கை பாதியில் நின்றது. பெஞ்சில் வாய்க்குக் கொண்டுபோன கைகள் நின்றன. தெருவில் நடந்தவர்கள் ஒரு கால் தூக்கியபடி நின்றார்கள். அலை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தா அவன் கையிலிருந்த இடுக்கியை வாங்கி, கருகப்போன மீன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள்.

"என்னங்க?"

"மாடிக்கு வந்திருக்கு. தனியா. எந்திரிச்சி நிக்குது."

"பிடிக்காமலா?"

"பிடிக்காம. ஒரு எட்டு வச்சிட்டு."

அவள் முகம் மலர்ந்தது. பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. அத்தனை முகமும் வெளிறியிருந்தது.

"ஏன் இப்படி இருக்கிய எல்லாரும்?"

"ஓரத்துப் பக்கமா போகுது" என்றான் கஸ்பார். உதடு மட்டும் அசைந்தது. "அங்க கைப்பிடிச்சுவர் இல்ல ஜெசி. இன்னும் எழுப்பல. எழுப்பியிருந்தா கனம் தெரிஞ்சிருக்கும்."

"அவ எங்க? அம்மக்காரி?"

"கீழ. அம்மியில."

"எந்த இடம்?"

அவன் அவள் கையை எடுத்துத் தன் இடது தோளின் விளிம்பில், எலும்பு முடிகிற இடத்துக்குச் சற்று உள்ளே வைத்தான். அவளுக்கு அங்கே அவன் சூட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இடுக்கி கீழே விழுந்தது. அவள் இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்து, வாயை அதன்மேல் அழுத்தி வைத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"உக்காரு! உக்காரு ராசா, உக்காரு!"

ஒரு கணம் ஊர் திகைத்தது. பிறகு பெஞ்சில் இருந்த ஒருத்தி தன் சேலையை விலக்கித் தன் தோளில் வாய் வைத்துக் கத்தினாள். உலகநாதன் கத்தினான். லிங்கதுரை கழுத்தை முறுக்கிக்கொண்டு கத்தினார். டீக்கடையில், சலூனில், கோயில் படியில், உப்பு அம்பாரங்களின் மேல், அவரவர் தோளோடு வாய் பொருத்தி, "உக்காரு, உக்காரு" என்று அளத்துறை முழுவதும் கத்தியது. கரையில் நின்ற நாய்கள் வாலை ஒடுக்கிக்கொண்டு படுத்தன.

அப்புறம் சத்தம் அடங்கியது. கஸ்பாரின் கண் மூடியிருந்தது.

"உக்காந்துட்டு" என்றான். "தளத்துல காத வச்சிப் படுத்திருக்கு."

அம்மி நின்றது, மாடிப்படியில் காலடி தடதடவென்று ஏறியது, தோள்பட்டையிலிருந்த அந்தச் சின்னக் கனம் எழுந்து பெரிய கனத்தோடு சேர்ந்தது என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து அழுதாள். அடுப்பில் மீனெல்லாம் கருகிப் புகைந்தது. அந்தப் புகை அவள் முகத்தில் பட்டது, அவள் நகரவில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஊரின் தோள் விளிம்பில் செங்கல் ஏறத் தொடங்கியது. ஒரு வரிசை, அதன்மேல் சாந்து, அதன்மேல் இன்னொரு வரிசை என்று மாலைவரை ஏறிக்கொண்டே இருந்தது. உப்பளத்தில் கூடை சுமந்தவர்களுக்கு அன்று சுமை இரட்டிப்பாக இருந்தது. யாரும் இறக்கி வைக்கவில்லை.